சயாட்டிகாவுக்குக் கொடுத்த காசில் எது தேறியது: பெல்ட், கரண்ட் மெஷின், ஸ்கேன், பிசியோதெரபி

இடுப்பில் பிடித்து, பின்பக்கம் வழியாகத் தொடையில் இறங்கி, கெண்டைக்காலைச் சுண்டி இழுத்து, பாதம் வரைக்கும் போகிற சயாட்டிகா வலி இருக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். இந்த வலிக்காக நான் வாங்கிய சாமான்கள், போன இடங்கள், ஒவ்வொன்றுக்கும் கொடுத்த காசுக்கு என்ன கிடைத்தது, எல்லாம் இதில் இருக்கும். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கொடுத்த காசுக்கு முழுசாகப் பலன் கிடைத்தது ஒரே இடத்தில்தான். ஈரோட்டில் பேருந்து நிலையத்திலிருந்து கொஞ்சம் தள்ளி, இரண்டே கட்டில் போட்டு ஒரு டாக்டரம்மா தனியாக நடத்துகிற சின்ன பிசியோதெரபி நிலையம். பெயரைப் போடவில்லை, ஏனென்றால் இதைப் படிக்கிறவர்கள் திருநெல்வேலியிலோ சேலத்திலோ இருக்கலாம், அந்த ஒரு இடத்தைத் தேடி யாரும் வரத் தேவையில்லை. எப்படிப்பட்ட இடம் என்று தெரிந்தால் உங்கள் ஊரிலேயே தேடிக்கொள்ளலாம்.

நான் ஜவுளி மொத்தக் கடையில் வேலை பார்க்கிறேன். சந்தை நாளில் விடிய விடிய நின்று, பண்டல் தூக்கி இறக்கி, மற்ற நாளில் கணக்கு எழுதிக்கொண்டு ஒரே இடத்தில் உட்கார்ந்து, போக வர டூ வீலர். இந்த வலி வருவதற்குத் தோதான வேலை. எங்கள் கடைவீதியில் பத்துப் பேரிடம் விசாரித்தால் இரண்டு மூன்று பேராவது 'எனக்கும் ஜவ்வு விலகியிருக்குதுங்க' என்பார்கள்.

ஜவ்வு விலகுவது என்றால் என்ன என்று தெரிந்துகொண்டால்தான் எந்தச் சிகிச்சைக்குக் காசு கொடுக்கலாம் என்று புரியும், அதனால் அதைக் கொஞ்சம் சொல்கிறேன். சயாட்டிக் நரம்பு நம் உடம்பிலேயே தடிமனான நரம்பு. இடுப்பின் கடைசி இரண்டு எலும்புகள் இருக்கிற மட்டத்திலிருந்தும், அதற்குக் கீழே திரிக எலும்பிலிருந்தும் வருகிற ஐந்து வேர்கள் சேர்ந்து ஒன்றாகி, புட்டத்துக்குள் புகுந்து, தொடையின் பின்னால் இறங்கி, முழங்காலுக்குக் கொஞ்சம் மேலே இரண்டாகப் பிரிந்து பாதம் வரை போகிறது. முதுகெலும்புகளுக்கு நடுவே இருக்கிற டிஸ்க்கைத்தான் நாம் ஜவ்வு என்கிறோம். அதன் வெளிப்பக்கம் கெட்டியான வளையம், உள்ளே மெத்தென்ற சதை. வளையம் ஓரிடத்தில் பலவீனமானால், கொழுக்கட்டையின் ஓரம் விரிந்து பூரணம் எட்டிப் பார்ப்பது போல உள்ளே இருப்பது வெளியே பிதுங்கி, பக்கத்தில் போகிற நரம்பு வேரைத் தொடும். அழுத்துவது மட்டும் இல்லை, பிதுங்கிய சதை அங்கே ஒரு அழற்சியையும் உண்டாக்கும். அதனால்தான் கோளாறு இடுப்பில் இருக்க, வலி காலில் தெரிகிறது. 1934ல் மிக்ஸ்டர், பார் என்ற இரண்டு அமெரிக்க அறுவை மருத்துவர்கள் டிஸ்க்குக்கும் இந்தக் கால்வலிக்கும் உள்ள தொடர்பை எழுதிய பிறகுதான் மருத்துவ உலகத்துக்கே இது தெளிவானது.

பெரும்பாலும் கடைசி இரண்டு டிஸ்க்குகளில்தான் இது நடக்கும். இடுப்பின் ஐந்தாவது எலும்பு மட்டத்து வேரான எல்5 மாட்டினால் காலின் வெளிப்பக்கம், பாதத்தின் மேல்பக்கம், கட்டைவிரல் வரை வலியோ மதமதப்போ வரும், கட்டைவிரலைத் தூக்கும் பலம் குறையும். திரிக எலும்பின் முதல் வேரான எஸ்1 மாட்டினால் கெண்டைக்கால், பாதத்தின் வெளி ஓரம், சுண்டுவிரல், அப்புறம் பாதத்தின் முன்பகுதியில் எக்கி நிற்க முடியாது. எனக்கு எஸ்1. தும்மினால், இருமினால், கழிப்பறையில் முக்கினால் ஷாக் அடித்த மாதிரி கால் முழுக்க ஓடும். இந்த அறிகுறி உள்ளவர்களுக்கு நான் எதைச் சொல்கிறேன் என்று உடனே தெரியும்.

சரி, வாங்கிய சாமான்களுக்கு வருகிறேன். இடுப்பு பெல்ட், மெடிக்கல் ஷாப்பில் 800 ரூபாய்க்கு வாங்கியது. நல்ல அகலம், பின்னால் இரண்டு கம்பிப்பட்டி, தையல் உறுதி, பொருளாக அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. கட்டிக்கொண்டு பேருந்தில் போனால் குலுங்கும்போது ஒரு தைரியம் இருக்கும். ஆனால் கால்வலி ஒரு துளிகூடக் குறையவில்லை. வெயில் காலத்தில் உள்ளே வேர்த்து அரிப்பு வேறு. பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டுதல் வெளியிடுகிற நைஸ் என்ற அமைப்பு 2016லேயே இடுப்புவலிக்கும் சயாட்டிகாவுக்கும் பெல்ட் கொடுக்க வேண்டாம் என்று எழுதிவிட்டது. தூர பயணத்துக்கு ஒரு நாள் கட்டிக்கொள்ளலாம், அதற்கு மேல் அதை நம்ப வேண்டாம், 5க்கு 2 கொடுப்பேன்.

மெத்தை கடைக்காரர் 'ஆர்த்தோ' என்று சொல்லிப் பலகை போலக் கெட்டியான ஒன்றைக் காட்டினார், விலை இருபதாயிரத்துக்குப் பக்கம். நான் வாங்கவில்லை. கெட்டியாகப் படுத்தால்தான் முதுகுக்கு நல்லது என்று நம்மிடையே ஒரு நம்பிக்கை ஊறிப்போய் இருக்கிறது. 2003ல் ஸ்பெயினில் நாள்பட்ட இடுப்புவலிக்காரர்கள் 313 பேரை வைத்துச் செய்த ஆய்வில், மிகக் கெட்டியான மெத்தையில் படுத்தவர்களைவிட நடுத்தரக் கெட்டியில் படுத்தவர்களுக்குத்தான் வலி அதிகம் குறைந்தது. அது சயாட்டிகாவுக்கென்று செய்த ஆய்வு இல்லை, ஆனாலும் இருபதாயிரம் கொடுக்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம். வீட்டில் இருக்கிற இலவம்பஞ்சு மெத்தை நடுவில் குழியாகாமல் இருந்தால் அதுவே போதும். பக்கவாட்டில் படுத்து முழங்கால் நடுவே ஒரு தலையணை வைத்துக்கொண்டால் எனக்குத் தூக்கம் வந்தது, செலவு இல்லை.

வீட்டிலேயே கரண்ட் வைத்துக்கொள்கிற டென்ஸ் மெஷின் ஆன்லைனில் 2,000 ரூபாய்க்கு வந்தது. நான்கு ஒட்டுப்பட்டைகள், இரண்டு வயர், பேட்டரியில் ஓடும். வைத்திருக்கிற நேரம் சுருசுருவென்று இருக்கும், அந்த நேரம் வலியிலிருந்து கவனம் விலகும். எடுத்தபின் பழைய கதைதான். ஒட்டுப்பட்டையின் பசை சீக்கிரமே போய்விடும், மாற்றுப்பட்டைக்குத் தனிச் செலவு. பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதைத் தொடவே கூடாது. இதற்கும் 2 தான்.

இனி இந்த மதிப்புரைக்கே காரணமான இரண்டு பிசியோதெரபி நிலையங்கள். முதலில் போனது பெரிய இடம், ஏசி அறை, வரிசையாகப் பத்துக் கட்டில், ஒவ்வொன்றுக்கும் திரை. ஒரு முறைக்கு 400 ரூபாய், மொத்தமாகக் கட்டினால் தள்ளுபடி. உள்ளே போனதும் ஸ்கேன் ரிப்போர்ட்டை வாங்கிப் பார்த்தார்கள், என்னைக் குப்புறப் படுக்க வைத்தார்கள், இடுப்பில் கரண்ட், அப்புறம் ஜெல் தடவி அல்ட்ராசவுண்ட், அப்புறம் இடுப்பில் பட்டை கட்டி எடை தொங்கவிட்டு இழுவை. முடிந்ததும் 'நாளைக்கு வாங்க'. என் காலை யாரும் தொட்டுப் பார்க்கவில்லை. எங்கே வலிக்கிறது, எப்போது கூடுகிறது, விரலை அசைக்க முடிகிறதா, ஒன்றும் கேட்கவில்லை. ஒவ்வொரு நாளும் ஒரே வரிசை, கழுத்துவலிக்காரருக்கும் முழங்கால் வலிக்காரருக்கும் கட்டில் மாறுமே தவிர மெஷின் மாறாது. சூடு வைத்ததில் ஒரு மணி நேரம் இதமாக இருக்கும், வண்டியில் வீடு போய்ச் சேர்வதற்குள் காலில் ஏறிவிடும். நைஸ் வழிகாட்டுதலில் வேண்டாம் என்று சொல்லியிருக்கிற பட்டியலில் இந்தக் கரண்ட், அல்ட்ராசவுண்ட், இழுவை மூன்றுமே இருக்கின்றன. இதற்குப் பணம் வாங்குவதைவிட எனக்கு வருத்தம் என்னவென்றால், படுத்துக்கொண்டே இருந்தால் வேறு யாரோ சரிசெய்து தருவார்கள் என்ற எண்ணத்தை வலியில் இருக்கிறவனுக்கு இது பழக்கிவிடுகிறது.

எம்ஆர்ஐ பற்றியும் இந்த இடத்தில் சொல்ல வேண்டும். தனியார் ஸ்கேன் சென்டரில் 6,500 ரூபாய். சேவை நன்றாகவே இருந்தது, சொன்ன நேரத்துக்குக் கூப்பிட்டார்கள், சத்தத்துக்குக் காதில் பஞ்சு கொடுத்தார்கள், மாலையே ரிப்போர்ட். ஆனால் ரிப்போர்ட்டைத் தனியாக உட்கார்ந்து படித்தால் பயம்தான் மிஞ்சும். டிஸ்க் பல்ஜ் (பிதுக்கம்), டீஜெனரேஷன் (தேய்மானம்), டெசிகேஷன் (நீர் வற்றுவது) என்று பக்கம் முழுக்க இருக்கும். வலியே இல்லாத ஆட்களின் ஸ்கேன்களைத் தொகுத்து 2015ல் ஒரு ஆய்வு வந்தது. அதில் இருபது வயதுக்காரர்களில் 30 சதவீதம் பேருக்கும், எண்பது வயதுக்காரர்களில் 84 சதவீதம் பேருக்கும் டிஸ்க் பிதுக்கம் இருந்தது. அவர்கள் யாருக்கும் முதுகுவலி இல்லை. அதனால் ஸ்கேனில் தெரிகிற எல்லாமே உங்கள் வலிக்குக் காரணம் என்று ஆகாது, உங்கள் காலில் இருக்கிற அறிகுறியும் ஸ்கேனில் தெரிகிற இடமும் ஒத்துப்போனால்தான் அதற்கு அர்த்தம். முதல் வாரத்திலேயே ஓடிப்போய் எடுக்க வேண்டியது இல்லை. பலம் குறைந்தாலோ, வாரக்கணக்கில் குறையாமல் ஊசி, ஆபரேஷன் என்று பேச்சு வந்தாலோ எடுக்கலாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இதைவிடக் குறைந்த கட்டணத்தில் எடுக்கலாம், காத்திருக்கத்தான் வேண்டும்.

இரண்டாவது இடத்துக்குக் கடைக்கு வருகிற ஒரு வியாபாரி அண்ணன் சொல்லிப் போனேன். முதல் நாள் நான் ஸ்கேன் கவரை நீட்டினேன். டாக்டரம்மா அதை வாங்கி மேஜையில் வைத்துவிட்டு, 'இதை அப்புறம் பார்க்கறேனுங்க, மொதல்ல உங்களைப் பார்க்கறேன்' என்றார். ஒரு தாளில் மனித உருவத்தின் முன்பக்கமும் பின்பக்கமும் அச்சடித்திருந்தது, வலி எங்கெங்கே இருக்கிறதோ அங்கே பேனாவால் நிரப்பச் சொன்னார், மதமதப்பு இருக்கிற இடத்தில் புள்ளி வைக்கச் சொன்னார். அப்புறம் குதிகாலில் நடக்கச் சொன்னார், பாதத்தின் முன்பகுதியில் நடக்கச் சொன்னார். வலது காலில் மட்டும் நின்று எக்கச் சொன்னபோது குதிகால் தரையைவிட்டு எழும்பவே இல்லை. அந்தக் கால் இவ்வளவு பலம் இழந்திருக்கிறது என்று அதுவரை எனக்கே தெரியாது. மல்லாக்கப் படுக்க வைத்துக் காலை மடக்காமல் மெதுவாகத் தூக்கினார், பாதி தூரம் போவதற்குள் கெண்டைக்காலில் இழுத்தது, எத்தனை டிகிரியில் என்று குறித்துக்கொண்டார். கட்டைவிரலை மேலே தூக்கிப் பிடிக்கச் சொல்லித் தன் விரலால் கீழே அமுக்கிப் பார்த்தார். குதிகாலுக்கு மேலே இருக்கிற தசைநாணில் சின்னச் சுத்தியலால் தட்டினார், இடது பாதம் துள்ளியது, வலது துள்ளவில்லை. பஞ்சை வைத்துப் பாதத்தின் ஓரம் எல்லாம் தொட்டு 'தெரியுதுங்களா' என்று கேட்டுக்கொண்டே போனார். சிறுநீர், மலம் போவதில் ஏதாவது மாற்றம் உண்டா, உட்காருகிற இடத்தில் மரமரப்பு உண்டா என்றும் கேட்டார். எல்லாம் முடிந்த பிறகுதான் ஸ்கேனை விளக்கில் வைத்துப் பார்த்தார், தான் கண்டுபிடித்ததும் அதில் இருப்பதும் ஒன்றுதான் என்று எனக்குக் காட்டினார். முக்கால் மணி நேரம் ஆகியிருக்கும். முதல் நாளுக்கு 500 ரூபாய், அடுத்தடுத்து 300.

சிகிச்சை என்று பார்த்தால் மெஷின் ஒன்றும் இல்லை. குப்புறப் படுக்கச் சொன்னார், அவ்வளவுதான், சில நிமிஷம். அப்புறம் முழங்கையை ஊன்றி மார்பை மட்டும் தூக்கி இருக்கச் சொன்னார். அப்புறம் உள்ளங்கையை ஊன்றி, இடுப்பு கட்டிலிலேயே தொங்க, மேல் உடம்பைத் தூக்கி இறக்கச் சொன்னார். ஒவ்வொரு சுற்றுக்கும் 'வலி இப்போ எங்க இருக்குதுங்க?' என்று ஒரே கேள்வி. கெண்டைக்காலில் இருந்தது முதலில் தொடைக்கு ஏறியது. அப்புறம் புட்டத்தில் நின்றது. இடுப்பில் வலி கொஞ்சம் கூடியது, ஆனால் கால் லேசாகிவிட்டது. இடுப்பில் கூடினாலும் பரவாயில்லை, கீழே இருக்கிற வலி மேலே ஏறி ஒதுங்குவது நல்ல அறிகுறி, மேலே இருப்பது கீழே இறங்கினால் உடனே நிறுத்திவிட வேண்டும் என்று விளக்கினார். நியூசிலாந்தின் ராபின் மெக்கன்சி என்ற பிசியோதெரபிஸ்ட் 1950களிலிருந்து உருவாக்கிய முறை இது, உலகம் முழுக்கப் பயன்பாட்டில் இருக்கிறது. எனக்கு இதில் மிகவும் பிடித்தது, வீட்டிலேயே எனக்கு நானே சரியா தப்பா என்று பார்த்துக்கொள்ள ஒரு அளவுகோல் கிடைத்தது.

அடுத்து நரம்பை மெதுவாக ஓடவிடுகிற பயிற்சி. நாற்காலியில் உட்கார்ந்து, முழங்காலை நீட்டும்போது தலையை நிமிர்த்தி, மடக்கும்போது தலையைக் குனிந்து, இழுவை தெரிவதற்கு முன்பே நிறுத்திவிட வேண்டும். வலிக்க வலிக்க இழுத்தால் நரம்பு இன்னும் எரிச்சலாகும். அப்புறம் வலி அடங்கிய பிறகு புட்டத் தசைக்கும் வயிற்றுக்கும் பலம் கூட்டுகிற பயிற்சி, குதிகால் எக்கும் பயிற்சி, தினமும் நடை. படுக்கையிலிருந்து நேராக எழாமல் ஒருக்களித்து, காலைக் கீழே விட்டு, கையை ஊன்றி எழுவது. பண்டலை உடம்போடு ஒட்டிப் பிடித்து முழங்காலை மடக்கித் தூக்குவது, தூக்கிக்கொண்டே இடுப்பைத் திருப்பாமல் காலை மாற்றி வைத்துத் திரும்புவது. பின் பாக்கெட்டில் பில்லும் சில்லறையுமாகத் தடித்த பர்ஸை வைத்து வண்டி ஓட்டுகிறவர்கள் அதை முன்னால் மாற்றுங்கள். புட்டத்துக்குள் நரம்பு போகிற இடத்தில் அது நாள் முழுக்க அமுக்கிக்கொண்டே இருக்கும்.

படுத்தே கிடக்க வேண்டாம் என்பதையும் அவர் அழுத்திச் சொன்னார். வீட்டில் எல்லோரும் 'அசையாமல் படு' என்றுதான் சொல்வார்கள், அன்பினால் சொல்வது. 1999ல் நெதர்லாந்தில் சயாட்டிகா நோயாளிகள் 183 பேரை வைத்துப் பார்த்ததில், இரண்டு வாரம் படுக்கையில் கிடந்தவர்களுக்கும் முடிந்த வரை நடமாடியவர்களுக்கும் பலனில் வித்தியாசம் இல்லை. படுத்துக் கிடந்தால் தசை இளைத்துப் போவதுதான் மிச்சம்.

இந்த இடத்தை நான் இவ்வளவு நம்புவதற்கு இன்னொரு காரணம் என் அத்தை. எழுபதைத் தாண்டியவர். அவருக்கும் இரண்டு காலிலும் இதே போல இறங்கும், ஆனால் கொஞ்ச தூரம் நடந்ததும் கால் கனத்துப் போய் எங்கேயாவது திண்ணையில் குனிந்து உட்கார்ந்தால்தான் சரியாகும். எனக்குச் சொல்லிக்கொடுத்த பயிற்சியை அவருக்கும் சொல்லட்டுமா என்று கேட்டதற்கு டாக்டரம்மா வேண்டவே வேண்டாம் என்றார். அத்தைக்கு டிஸ்க் பிதுக்கம் இல்லை, வயதில் முதுகெலும்புக் கால்வாயே சுருங்கியிருக்கிறது. நிமிர்ந்து வளைந்தால் அது இன்னும் சுருங்கும், குனிந்தால் விரியும். அவருக்கு மல்லாக்கப் படுத்து முழங்காலை மார்புக்கு இழுக்கிற பயிற்சி, சைக்கிள் மிதிப்பது. எனக்கு மருந்தாக இருப்பதே அத்தைக்கு உபத்திரவம். யூடியூபில் 'சயாட்டிகா மூன்றே நாளில்' என்று வருகிற வீடியோவைப் பார்த்து எல்லோரும் ஒரே பயிற்சியைச் செய்வது எவ்வளவு ஆபத்து என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது.

குறைகளும் உண்டு, மறைக்கவில்லை. ஒரே ஆள் நடத்துவதால் அவர் ஊருக்குப் போனால் மூடிவிடுவார். நேரம் கொடுத்தாலும் முன்னால் இருக்கிறவரைப் பார்த்து முடிக்கும் வரை வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் காத்திருக்க வேண்டும், அந்த நாற்காலியில் சயாட்டிகாக்காரன் உட்காருவதே சிரமம், நான் நடந்துகொண்டே இருப்பேன். வண்டி நிறுத்த இடம் இல்லை. மின்சாரம் போனால் ஃபேன் கிடையாது. பெண்களுக்குப் பெண் மருத்துவர் என்பது பெரிய சௌகரியம், அதற்காகவே பவானியிலிருந்து வருகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். நேர்மையாகச் சொன்னால், என் வலி குறைந்ததில் காலத்துக்கும் பங்கு இருக்கிறது. பெரும்பாலானவர்களுக்கு 6 முதல் 12 வாரத்தில் இது தானாகவே தணியும். பிதுங்கிய சதையை உடம்பின் நோயெதிர்ப்பு அணுக்களே கொஞ்சம் கொஞ்சமாகத் தின்று கரைத்துவிடும், அதிலும் பெரிதாகப் பிதுங்கி உடைந்ததுதான் நன்றாகக் கரையும். இதையும் அந்த டாக்டரம்மாவே எனக்குச் சொன்னார். 'நானே குணப்படுத்தினேன்னு சொல்ல மாட்டேனுங்க, ஆறுகிற வரைக்கும் உங்க கால் பலம் போகாம பார்த்துக்கறேன்' என்றார். காசு வாங்குகிற இடத்தில் இப்படிப் பேசுகிற ஆளைப் பார்ப்பது அபூர்வம். 5க்கு 5.

மாத்திரை விஷயம் சுருக்கமாக. எலும்பு மருத்துவர் எழுதிக்கொடுத்த வலி மாத்திரை ஆரம்ப நாட்களில் தூங்க உதவியது. ஆனால் சர்க்கரை, பிபி, சிறுநீரகக் கோளாறு, அல்சர் உள்ளவர்கள் மெடிக்கல் ஷாப்பில் தாங்களாகவே வாங்கி மாதக்கணக்கில் போடுவது மிகவும் கெடுதல். நரம்பு மாத்திரை என்று பிரீகாபலினையும் மீத்தைல்கோபாலமினையும் சேர்த்து நம் ஊரில் ஏறக்குறைய எல்லோருக்குமே எழுதுகிறார்கள். 2017ல் ஆஸ்திரேலியாவில் சயாட்டிகா உள்ள 209 பேரிடம் பிரீகாபலினைச் சோதித்தபோது வெற்று மாத்திரையைவிட அது கால்வலியைக் குறைக்கவில்லை, தலைசுற்றல்தான் அதிகமாக இருந்தது. வண்டி ஓட்டுகிறவர்கள், ஏணியில் ஏறி வேலை பார்க்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். ஏற்கெனவே சாப்பிட்டுக்கொண்டிருந்தால் பட்டென்று நிறுத்தாதீர்கள், மருத்துவரிடம் சொல்லிப் படிப்படியாகக் குறைக்க வேண்டிய மருந்து அது.

எண்ணெய் தேய்ப்பதைப் பற்றி நிறையப் பேர் கேட்பீர்கள். உளுந்து மாவில் வளையம் கட்டி இடுப்பில் வெதுவெதுப்பான எண்ணெயை நிறுத்தி வைக்கிற கடி வஸ்தி எனக்கு இதமாகவே இருந்தது, இறுகிப்போன தசை தளர்ந்தது, அன்று இரவு நல்ல தூக்கம். அதோடு சரி, நரம்பு வலி அதனால் தீரவில்லை. அரசு மருத்துவமனை சித்தா பிரிவில் படித்த மருத்துவர்கள் இருக்கிறார்கள், அங்கே போய்க் கேட்கலாம். சுளுக்கு எடுக்கிறேன் என்று இடுப்பை முறுக்கி நெட்டி முறிக்கிறவர்களிடமும், குப்புறப் போட்டு முதுகில் ஏறி மிதிக்கிறவர்களிடமும் போகாதீர்கள். பெயரே எழுதாத பொட்டலத்தில் மாத்திரை கொடுத்தால் வாங்காதீர்கள், உள்ளே ஸ்டீராய்டு கலந்திருந்தால் வலி மாயமாகக் குறையும், உடம்பு பின்னால் கெடும்.

ஊசியும் ஆபரேஷனும் எனக்குத் தேவைப்படவில்லை, பக்கத்துக் கடை நண்பருக்குத் தேவைப்பட்டது. முதலில் முதுகில் போடுகிற எபிடியூரல் ஸ்டீராய்டு ஊசி. தாங்க முடியாத ஆரம்பகட்ட வலியில் சில வாரங்களுக்கு ஆசுவாசம் தரும், டிஸ்க்கைச் சரிசெய்யாது. அவருக்குச் சர்க்கரை உண்டு, போட்ட பிறகு சில நாள் சர்க்கரை ஏறி நின்றது, சர்க்கரைக்காரர்கள் முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். அதற்கு அப்புறமும் பாதம் தொங்க ஆரம்பித்ததால் மைக்ரோடிஸ்கெக்டமி செய்தார்கள். சின்னக் கீறல் போட்டு, நரம்பை அழுத்துகிற துண்டை மட்டும் எடுப்பது. மறுநாளே நடந்தார், கால்வலி போய்விட்டது, பாத பலம் திரும்ப மாதங்கள் பிடித்தது. ஆபரேஷன் என்றாலே கால் விளங்காமல் போய்விடும் என்று பயப்படுகிறவர்களுக்கு அவரைத்தான் காட்டுவேன். அதே சமயம் அவசரமும் வேண்டாம். 2007ல் நெதர்லாந்தில் 283 பேரிடம் செய்த ஆய்வில், சீக்கிரம் ஆபரேஷன் செய்துகொண்டவர்களுக்கு வலி வேகமாகக் குறைந்தது, ஆனால் ஒரு வருஷம் கழித்துப் பார்த்தால் காத்திருந்தவர்களும் அதே நிலைக்கு வந்திருந்தார்கள். காத்திருந்தவர்களில் 39 சதவீதம் பேர் பிறகு ஆபரேஷனுக்குப் போனார்கள் என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். பலம் குறையாமல் வலி மட்டும் இருக்கிறதென்றால் பொறுப்பதா, செய்துகொள்வதா என்பது உங்கள் தாங்கும் சக்தியையும் வேலையையும் பொறுத்தது, யாரும் அவசரப்படுத்தக் கூடாது.

ஆனால் சில அறிகுறி வந்தால் பிசியோதெரபியும் வேண்டாம், காத்திருப்பும் வேண்டாம். சைக்கிள் சீட்டில் படுகிற இடம் மரத்துப் போவது, சிறுநீர் வராமல் அடைப்பது அல்லது தெரியாமலே போய்விடுவது, மலம் கட்டுப்பாடில்லாமல் போவது, இரண்டு காலிலும் பலம் சட்டென்று குறைவது. இது நரம்புக் கற்றை மொத்தமும் நசுங்குவதன் அடையாளம். நள்ளிரவானாலும் அன்றைக்கே பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டும், தாமதித்தால் நிரந்தரமாகப் போய்விடும். காய்ச்சலோடு முதுகுவலி, காரணமில்லாமல் எடை குறைவது, முன்பு புற்றுநோய் இருந்தவர்களுக்குப் புதிதாக வருகிற முதுகுவலி, விழுந்து அடிபட்ட பிறகு வருகிற வலி, இதெல்லாமும் முதலில் மருத்துவர் பார்க்க வேண்டியவை.

300 ரூபாய்கூடக் கஷ்டம் என்றால் அரசு தலைமை மருத்துவமனைகளில் பிசியோதெரபி பிரிவு இருக்கிறது, கட்டணம் இல்லை. கூட்டம் இருக்கும், காலையிலேயே போய்ச் சீட்டு வாங்க வேண்டும். நடக்கவே முடியாத பெரியவர்கள் வீட்டில் இருந்தால், 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி செய்கிறார்கள், உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் சொல்லிவைத்தால் போதும். தனியார் இடம் தேடுகிறவர்கள் சுவரில் பிசியோதெரபி பட்டப்படிப்பான பி.பி.டி. சான்றிதழ் மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள், முதல் நாளே மொத்தப் பணம் கட்டச் சொன்னால் கட்டாதீர்கள். காலைத் தொட்டுப் பரிசோதிக்காமல் மெஷினை மாட்டினால் அடுத்த நாள் போக வேண்டாம். போகும்போது முழங்காலுக்கு மேல் சுருட்டிவிடக்கூடிய தளர்வான உடையில் போங்கள், சாப்பிட்ட உடனே போகாதீர்கள், குப்புறப் படுக்க முடியாது. பழைய ஸ்கேன் இருந்தால் ரிப்போர்ட் தாளோடு ஃபிலிமையும் கொண்டுபோங்கள், சாப்பிடுகிற மாத்திரைகளின் அட்டையையும் எடுத்துக்கொள்ளுங்கள்.